அந்த 9 செகண்ட்

மார்ச் 4, புதன்

மணி ரெண்டரை. தூக்கம் வரல. முந்தாநேத்து ஃபங்ஷன் முடிஞ்சு நாங்க வெளிய வர்றப்போ யாரோ எடுத்த க்ளிப் ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கு, மொத்தமே 9 செகண்ட். ரெண்டு பேரும் கை கோத்துக்கிட்டு படி இறங்குறோம், கேமராக்காரங்க கூப்பிடுறாங்க, நான் திரும்பிப் பாத்து சிரிக்கிறேன், அவன் கைய விடுறான். அவ்ளோதான். அதை ஸ்லோ மோஷன்ல போட்டு, அவன் விரல் மேல சிவப்பு வட்டம் போட்டு, பின்னாடி சோகமா ஒரு மியூசிக் ஓட விட்டிருக்காங்க. "அவன் மூஞ்சியே சரியில்ல", "பாவம் இந்தப் பொண்ணு, இன்னும் தெரியல போல".

கேட்டேன். போன் அதிருச்சு, எடுக்கப் போனேன்னான். சரின்னுட்டேன்.

ஆனா என்னைப் பயமுறுத்துறது இதுதான். அந்த இடத்துல நிக்கறப்போ அவன் கைய விட்டதே எனக்குத் தெரியல, என் கைக்கு ஒண்ணுமே உறைக்கல. காலைல இருந்து அந்த க்ளிப்பை எத்தனை தடவை பாத்தேன்னு கணக்கில்ல, இப்போ கண்ண மூடினா அந்த சம்பவம் எனக்கு ஞாபகம் வர்றது படிக்குக் கீழ இருந்துதான், கேமரா இருந்த இடத்துல இருந்து. என் வாழ்க்கைல நடந்த ஒண்ண நான் வெளிய நின்னு ஞாபகம் வெச்சிருக்கேன்.

மார்ச் 6, வெள்ளி

பழைய காலேஜ் நோட்ஸ எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சைக்காலஜி படிச்சவ நான், அப்போ பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணதெல்லாம் இப்போ எனக்குன்னே எழுதின மாதிரி இருக்கு.

ராபர்ட் ஜயன்ஸ்னு ஒருத்தர். நாலு பேர் பாக்குறப்போ நாம ஏன் சில வேலைய நல்லா செய்றோம், சில வேலைல ஏன் சொதப்புறோம்னு 1965-ல ஒரு விளக்கம் குடுத்தார். அடுத்தவங்க இருந்தாலே உடம்பு முறுக்கேறிடும், அப்போ எது நமக்கு ரொம்பப் பழகினதோ அதுதான் முந்திக்கிட்டு வெளிய வரும். பழகின வேலைனா பிரமாதமா வரும், புதுசா யோசிச்சு செய்ய வேண்டியதுனா தடுமாறும். 1969-ல இதைக் கரப்பான்பூச்சிய வெச்சு சோதனை பண்ணாங்க. நேரான பாதைல ஓட விட்டப்போ, சுத்தி மத்த கரப்பான்பூச்சிங்க இருந்தா சீக்கிரம் ஓடிச்சு. வளைஞ்சு திரும்பிப் போக வேண்டிய பாதைல அதே கூட்டம் இருந்தா லேட்டாச்சு.

இதை எங்க ரெண்டு பேருக்கும் வெச்சுப் பாத்தேன், வயித்துல ஏதோ பண்ணிடுச்சு. தோள்ல கை போடுறது, ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிக்கிறது, "இவ இல்லேன்னா நான் இல்ல"னு மேடைல சொல்றது, இதெல்லாம் எங்களுக்கு நேர்ப் பாதை ஆகிடுச்சு, லைட்டு போட்டா தானா வரும். மன்னிப்பு கேக்குறது, "நீ அன்னைக்கு அப்படிச் சொன்னது எனக்கு வலிச்சுது"ன்னு ஆரம்பிக்கறது, இதெல்லாம் வளைஞ்ச பாதை. ஒவ்வொரு தடவையும் புதுசு, முந்தின தடவை சொன்ன வார்த்தை இந்தத் தடவை உதவாது. அதுக்கு யாருமே பாக்காத இடம் வேணும். எங்களுக்கு அந்த இடம் கொறஞ்சுக்கிட்டே போகுது. ரெண்டு வருஷத்துல நாங்க சேந்து நிக்கறதுல கெட்டிக்காரங்க ஆகிட்டோம், சண்டை போட்டு சமாதானம் ஆகுறதுல ஆரம்பத்துல இருந்த அளவு கூட இல்ல.

மார்ச் 9, திங்கள்

நாங்க எப்படி ஆரம்பிச்சோம்ங்கறதையே எழுதி வெக்கணும், அதையும் எல்லாரும் எங்களை விட நல்லா சொல்றாங்க.

பாட்டுப் போட்டி. ரெண்டு பேரும் போட்டியாளர். நாலாவது வாரம் சேந்து பாடினோம், அந்த ப்ரோமோல நான் வேற யாரையோ பாத்து சிரிச்சத வெட்டி அவன் பாடுறதுக்குப் பக்கத்துல ஒட்டிட்டாங்க. அன்னைக்கு வரைக்கும் நாங்க பத்து வார்த்தை பேசிருப்போமான்னு தெரியாது. மறுநாள் காலைல ரெண்டு பேரையும் ஜோடியா சேத்து பேரே வெச்சாச்சு. அப்புறம்தான் பேச ஆரம்பிச்சோம், முதல்ல இந்த அநியாயத்தைப் பத்தி, அப்புறம் எல்லாத்தைப் பத்தியும், அப்புறம் விடிய விடிய.

அதனால என் மனசுல ஒரு முள்ளு எப்பவும் உண்டு. நாங்க காதலிச்சோமா, இல்ல காதலிக்கறோம்னு சொன்னதை நம்பினோமா?

1980-ல செலிக்மன், ஃபசியோ, ஜான்னா மூணு பேரும் காதலர்கள வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. இவரோட இருக்கறதால வெளிய இருந்து என்ன கிடைக்குதுன்னு யோசிக்க வெச்சா, அதுக்கப்புறம் அவங்க தன் காதலக் கொறச்சு மதிப்பிட்டாங்க. மனசுக்குள்ள இருக்கற காரணத்த யோசிச்சவங்களுக்கு அப்படி ஆகல. இதுல ஆள் மாறல, உறவு மாறல. எதை நினைச்சுப் பாக்கச் சொன்னாங்களோ அது ஒண்ணுதான் மாறுச்சு.

எங்களுக்கு வெளிக்காரணத்த தினமும் ஒருத்தர் ஞாபகப்படுத்துறாங்க. "சேந்து வந்தா தான் கூப்பிடுவோம்"னு சொல்ற நிகழ்ச்சிக்காரங்க, "நீங்க பிரிஞ்சா நாங்க காதலையே நம்ப மாட்டோம்"னு எழுதுற பொண்ணுங்க. அந்தப் பொண்ணுங்க அன்பாத்தான் எழுதுறாங்க, எனக்குத் தெரியும், ஆனா திட்டுறவங்கள விட இவங்க வார்த்தைதான் என் மேல பாரமா உக்காருது. திட்டினா ரெண்டு பேரும் சேந்து கோவப்படலாம். இவ்ளோ ஆசையா பாக்குறவங்க கிட்ட, இன்னைக்கு எனக்கு அவன் முகத்தப் பாக்கவே பிடிக்கலன்னு எப்படிச் சொல்றது?

மார்ச் 10, செவ்வாய்

அவன் ரெக்கார்டிங். நான் நாள் பூரா தூங்கினேன்.

மார்ச் 13, வெள்ளி

அண்ணி போன் பண்ணாங்க. "ஊரு பேசப் பேச உங்களுக்குள்ள நெருக்கம் கூடும் பாரு"ன்னாங்க. நம்ம ஆளுங்க காலங்காலமா நம்புறது தான இது. கிசுகிசுன்னு பேசினா அம்பல், ஊரே வாய்விட்டுப் பேசினா அலர்னு ரெண்டுக்கும் தனித்தனி பேரே வெச்சிருந்தாங்க. குறள்ல அலர் அறிவுறுத்தல்னு 115-வது அதிகாரமே இருக்கு, அதுல அந்தப் பொண்ணு சொல்லுவா, ஊர்க்காரங்க பேசுறது எருவாவும் அம்மா திட்டுறது தண்ணியாவும் ஆகி இந்த நோய் வளருதுன்னு.

1972-ல ட்ரிஸ்கோல் குழுவும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னாங்க. 140 ஜோடிகள்ட்ட கேட்டதுல, பெத்தவங்க தலையீடு கூடக் கூட காதலும் கூடுச்சுன்னு வந்துது, அதுக்கு ரோமியோ ஜூலியட் எஃபெக்ட்னு பேரு. ஆனா 2014-ல சின்க்ளேரும் கூட இருந்தவங்களும் திரும்ப செஞ்சு பாத்தப்போ அப்படி வரல. சுத்தி இருக்கறவங்க ஏத்துக்கிட்டா உறவு பலமா இருந்துது, எதிர்த்தா தேஞ்சுது.

எனக்கு ரெண்டுமே உண்மைன்னுதான் தோணுது. குறள்ல பேசுறவளுக்கு ஊருக்குத் தெரியாத ஒண்ணு கையில இருந்துது, ஊரு பேசினது அதோட நிழலை மட்டும்தான். எங்களுக்கு அப்படி மிச்சம் ஏதாவது இருக்கா? எரு போட்டா வளரும், சரி, மண்ணுக்கடியில வேர் இருந்தாத்தான.

இங்கிலாந்து ராஜா எட்டாம் எட்வர்ட நினைச்சுக்கிட்டேன். 1936 டிசம்பர்ல ஒரு பொண்ணுக்காக சிம்மாசனத்தையே விட்டார், அதை ரேடியோல உலகத்துக்கே சொன்னார், அடுத்த ஜூன்ல கல்யாணம், 1972-ல அவர் சாகுற வரைக்கும் சேந்தே இருந்தாங்க. எல்லாரும் எவ்ளோ பெரிய காதல்ம்பாங்க. எனக்கு அந்தம்மா மேலதான் கண்ணு போகுது. தனக்காக ஒருத்தர் ராஜ்ஜியத்தை விட்டார்னு உலகம் பூரா தெரிஞ்சப்புறம், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர்கிட்ட "எனக்கு சலிப்பா இருக்கு"ன்னு சொல்ல வாய் வருமா?

மார்ச் 17, செவ்வாய்

தப்பு பண்ணிட்டேன். அவன் ரெண்டு நாளா சரியா பேசல, நான் பழைய போட்டோ ஒண்ண எடுத்து, அவன் தோள்ல சாஞ்சிருக்கறது, மூணு ஹார்ட்டோட போட்டேன். போட்டதும் மனசு லேசாச்சு, அரை மணி நேரம்.

2014-ல வந்த இன்னொரு ஆய்வும் நோட்ஸ்ல இருக்கு, லிடியா எமரி பண்ணது. துணைக்கு நம்ம மேல பிரியம் இருக்கான்னு சந்தேகம் வர்ற நாள்லதான் ஜனங்க ஃபேஸ்புக்ல தன் உறவ அதிகமா காட்டிக்கறாங்கன்னு. படிச்சப்போ யாரோ வேற ஆளுங்களப் பத்தின்னு நினைச்சேன்.

சாயங்காலம் அவன் அதைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, "நல்லாருக்கு"ன்னான். வெளியாள் சொல்ற மாதிரியே இருந்துது.

மார்ச் 21, சனி

நைட்டு வீட்டுக்குக் கீழ, பார்க்கிங்ல, வண்டிய நிறுத்தினப்புறமும் இறங்காம உக்காந்திருந்தோம். அவன் ஸ்டியரிங்கைப் பாத்துக்கிட்டே "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், அன்னைக்கு..."ன்னு ஆரம்பிச்சான். குரல் ஒரு மாதிரி இருந்துது, பாடறப்போ அந்தக் குரல் வராது, எனக்கு மட்டும் தெரிஞ்ச குரல். கண்ணாடிய யாரோ தட்டினாங்க. ரெண்டு பசங்க, ஒரு அம்மா, கையில போன். கண்ணாடி இறங்கறதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் சிரிச்சாச்சு. அவன் கை என் தோளுக்கு வந்தாச்சு. சூடா, கரெக்டான அழுத்தத்துல. நாலு செல்ஃபி. "நீங்க எப்பவும் இப்படியே இருக்கணும்பா"ன்னு அந்தம்மா என் கன்னத்தைத் தொட்டாங்க, அந்தக் கையில எந்தப் பொய்யும் இல்ல.

கண்ணாடி ஏறிச்சு. தோள்ல இருந்த கை இறங்கிச்சு. "என்ன சொல்ல வந்த?"ன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சான். "வரல"ன்னான்.

மார்ச் 22, ஞாயிறு

நேத்து நடந்ததோட மிச்சம். வீட்டுக்குள்ள வந்து நான்தான் லைட்டு போடாதன்னேன். ஹால்ல தரைல உக்காந்தோம், ஆளுக்கொரு சுவத்துல சாஞ்சுக்கிட்டு, போன் ரெண்டையும் பீரோக்குள்ள வெச்சுட்டு. எவ்ளோ நேரம்னு தெரியல. முகம் தெரியாததால எனக்கும் முகத்தை எப்படி வெச்சுக்கணும்ங்கற கவலை இல்ல.

அப்புறம் சொன்னான். போன் அதிரல. பொய் சொன்னேன்னான். படி இறங்கறப்போ கேமராக்காரங்க கூப்பிட்டதும், அவன் கைக்குள்ள இருந்த என் கை திரும்பிச்சாம். மணிக்கட்டு லேசா வெளிப்பக்கமா, கோத்த விரல் படத்துல தெரியற மாதிரி. "அந்த நிமிஷம் உன் கை என்கிட்ட இல்லடி"ன்னான். "அதான் விட்டேன். கோவம்லாம் இல்ல, ஏதோ பயம்."

சண்டை போட வாயெடுத்தேன். நான் அப்படிப் பண்ணவே இல்லன்னு. ஆனா மணிக்கட்டுக்குத் தெரியுமே. இருட்டுல உக்காந்து கைய அப்படித் திருப்பிப் பாத்தேன், எந்தத் தடையும் இல்லாம போச்சு, ஆயிரம் தடவை போன பாதை மாதிரி. அத்தனை தடவை அந்த க்ளிப்பைப் பாத்தேன், சிவப்பு வட்டம் அவன் விரல் மேல இருந்ததால நானும் அங்கயே பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஏதோ சரியில்லன்னு பாத்தவங்க சொன்னது தப்பில்ல. 1999-ல டாரா மெக்டொனால்டும் மைக்கேல் ராஸும் பாத்ததும் அதான், ஒரு காதல் எவ்ளோ நாள் நிக்கும்னு காதலிக்கறவங்கள விட அவங்க கூடத் தங்கியிருக்கறவங்களும் பெத்தவங்களும் சரியா கணிச்சாங்க. ஆனா அவங்க பக்கத்துலயே இருந்து பாத்தவங்க. 9 செகண்ட் பாத்தவங்களுக்கு யாரு யாரை விட்டாங்கன்னு எப்படித் தெரியும்?

மன்னிப்பு கேட்டேன். ரொம்ப மோசமா கேட்டேன், நடுவுல ரெண்டு தடவை அவனையே குத்தம் சொன்னேன், அழுதேன், திரும்ப முதல்ல இருந்து. அவனும் அழுதான், பொய் சொன்னதுக்கு. இதெல்லாம் யாரும் ரெக்கார்டு பண்ணலங்கறது எனக்கு இன்னைக்குப் பெரிய ஆறுதல். இங்க எழுதலாமான்னு அவன்கிட்ட கேட்டேன், எழுதுன்னான், ஆனா அப்புறம் பேசினதுல பாதி வேண்டாம்னான். அந்தப் பாதி இங்க இல்ல.

மார்ச் 25, புதன்

நாளைக்கு இன்னொரு ஃபங்ஷன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டே கேட்டான், "கை கோத்துக்கிட்டுப் போறதா, வேண்டாமா?"

தெரியலன்னேன்.

"எனக்கும் தெரியல"ன்னான், காலரைத் திருப்பிப் போட்டுக்கிட்டே.