கொல்லையில என்ன நடலாம்

ஜனவரி 10
காலைலேர்ந்து விடாத மழை. நேத்து தோண்டிப் பாத்த குழில தண்ணி அப்படியே நிக்குது, ஒரு இஞ்ச் கூட இறங்கல. சுத்தக் களிமண்ணு. இதுல குழி வெட்டி உரத்தக் கொட்டி கன்ன வச்சா வேர் அழுகித்தான் போகும். மேடு கட்டித்தான் நடணும், ஒன்றரை அடியாவது.

ஜனவரி 11
மழை.

ஜனவரி 14
பொங்கல். அம்மாவுக்கு இன்னைக்கு டயாலிசிஸ், அதனால விடியறதுக்கு முன்னாடியே பால் பொங்கியாச்சு. அங்க நாலு மணி நேரம் வெளிய உக்காந்து நோட்டுல கொல்லைய வரைஞ்சேன். வெயில்தான் குழப்புது. இப்ப சிங்கப்பூர்ல சூரியன் தெக்கால சாஞ்சு போறதால பக்கத்து வீட்டுச் சுவர் ஓரம் முழுக்க நிழல். ஜூன்ல வடக்கால போயிடும், அப்ப அந்த ஓரம் நல்லா காயும், நம்ம வீட்டு ஓரம் நிழல்ல விழும். ரெண்டு காலத்துலயும் வெயில் படுற இடம் நடுவுல ஒரே ஒரு துண்டுதான். அந்த இடத்துல பெலிம்பிங் மரம், அதான் ஸ்டார் ஃப்ரூட், நிக்குது.

ஜனவரி 18
டயட்டீஷியன் கொடுத்த பேப்பர ஃப்ரிட்ஜ்ல ஒட்டியாச்சு. எல்லாம் பொட்டாசியம் கணக்கு, கெட்டுப்போன கிட்னியால அத வெளிய தள்ள முடியாது. வாழை, கொய்யா, பலா, டுரியான் எல்லாம் வேணாம். ஜம்பு (வாட்டர் ஆப்பிள்), அன்னாசி, ரம்புத்தான் கொஞ்சமா பரவால்ல. நான் மனசுல வச்சிருந்த லிஸ்ட்ல பாதி போச்சு. போகட்டும், அம்மா தொட முடியாத பழத்த எதுக்கு இந்த வீட்டுல வளக்கணும்.
ஸ்டார் ஃப்ரூட் மட்டும் ஒரு துண்டு கூட வாயில வைக்கக் கூடாதுன்னு நர்ஸ் ரெண்டு தடவ சொன்னாங்க.

ஜனவரி 19
தூக்கமே இல்ல. அதப் பத்தியே படிச்சுட்டு இருந்தேன். பெலிம்பிங்ல இருக்குற விஷத்த நல்ல கிட்னி வெளிய தள்ளிடும், கெட்டுப்போன கிட்னியால முடியாது, அது ரத்தத்துல தங்கி மூளைக்குப் போயிடுது. நிக்காத விக்கல்ல ஆரம்பிக்கும், அப்புறம் குழப்பம், வலிப்பு, உயிரே கூட போயிடுமாம். கொல்லைல அது கொத்துக் கொத்தா காய்ச்சு மஞ்சளா தொங்குது. அம்மா காலைல எந்திரிச்சதும் கீழ விழுந்தத பொறுக்கி சிங்க் பக்கத்துல வரிசையா வைக்கிறாங்க, அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க. கத்தில நறுக்குனா நட்சத்திரமா விழும், அதுல உப்பும் மிளகாத்தூளும் தொட்டுத் திங்கறது அவங்க சின்ன வயசுப் பழக்கம். வெட்டிடலாம்மான்னு கேட்டேன். "நான் திங்கலன்னா முடிஞ்சுச்சு, மரம் என்னடி பண்ணுச்சு, சின்னம்மா கையால வச்சது"ங்கிறாங்க. என்னால ஏத்துக்கவே முடியல. யாராவது தெரியாம ஜூஸ் போட்டுக் கொடுத்துட்டா?

ஜனவரி 23
பெரி ஏதாவது வைக்கணும்னு எனக்கு ஆசை. ஸ்ட்ராபெரிக்கு மலேசியாவுல இருக்குற கேமரன் மலை மாதிரி குளிர் வேணும், இங்க ராத்திரில கூட இருபத்தஞ்சு டிகிரி, சரிப்படாது. மல்பெரிதான் நமக்கு. குச்சிய ஒடிச்சு நட்டா வேர் விட்டுடும், கிளைய வெட்டி இலைய உருவி விட்டா புதுத் துளிரோடயே பழமும் வரும், வருஷக்கணக்கா காத்திருக்க வேணாம். எனக்கு அதுதான் முக்கியம்.

ஜனவரி 30
சீனப் புத்தாண்டு, நர்சரி எல்லாம் பூட்டு. அம்மாவுக்கு காலு வீங்கியிருக்கு.

பிப்ரவரி 8
சுங்கை தெங்கா நர்சரி. அந்த அங்கிள் நல்லா விளக்குனாரு. ரம்புத்தான் கொட்டைல முளைச்ச கன்னு வாங்காத, ஆண் மரமா போச்சுன்னா ஆயுசுக்கும் காய்க்காது, ஒட்டுக்கன்னுதான் வாங்கணும்னாரு. ஆனா அது பரந்து வளரும், நம்ம இடம் பத்தாது. ஜம்பு பதியன் கன்னு எடுத்தேன். பைய லேசா இறக்கிக் காட்டச் சொன்னேன், வேர் வெள்ளையா, அடியில சுத்திக்காம இருந்துச்சு. சட்டில வச்சா கீழ தட்டு வைக்காத, கொசு வரும், டெங்கி செக்கிங் வருவாங்கன்னும் சொன்னாரு.

பிப்ரவரி 11
தைப்பூசம். அம்மா டிவிலதான் பாத்தாங்க. எதுவும் பேசல.

பிப்ரவரி 16
மழை விட்டுச்சு. மேடு கட்டி ஜம்பு நட்டாச்சு, கைப்புடி மண்ணு அம்மா போட்டாங்க. வேலி ஓரம் மல்பெரிக் குச்சி. நான் ஹோஸ்ல தண்ணி விட விட அம்மா நாற்காலில உக்காந்து பாத்துட்டே இருந்தாங்க. அவங்களுக்கு குடிக்கிற தண்ணியே அளந்துதான். "நல்லா நனைய விடு, அதுக்கென்ன கணக்கா"ன்னாங்க. நான் பதில் சொல்லல.

பிப்ரவரி 24
மல்பெரி துளிர் விட்டுடுச்சு!! அம்மா எனக்கு முன்னாடியே பாத்துட்டாங்க, குரல்ல ஒரு தெம்பு. ஜம்பு இன்னும் அசையல, பெலிம்பிங் நிழல்ல நிக்குது, அதான்.

மார்ச் 1
சிங்க் பக்கத்துல ஒரு பெலிம்பிங் பாதி நறுக்கி இருந்துச்சு. அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குன்னு சத்தியம் பண்றாங்க. ராத்திரி முழுக்க விக்கல் வருதான்னு கேட்டுட்டே படுத்திருந்தேன். வரல.

மார்ச் 2
மரம் வெட்டுற ஆளுக்கு போன் பண்ணிட்டேன், வெள்ளிக்கிழமை வர்றாரு. அடிமரத்த விட்டா திரும்பத் துளிர்க்கும், வேரோட எடுக்க தனிக் காசுன்னாரு, வேரோடயே எடுங்கன்னுட்டேன். அம்மாகிட்ட நாளைக்குச் சொல்லணும், டயாலிசிஸ் இல்லாத நாள்.