டேட்டாபேஸ் குவெரியிலிருந்தே போர்ட் சோதனை: மணலி யார்டில் செய்த முறை

மணலியில் உள்ள கன்டெய்னர் யார்டின் ஆரக்கிள் சர்வர், திருவொற்றியூர் பக்கம் இருக்கும் எடைமேடைக் கம்ப்யூட்டரோடு 5100-ஆம் போர்ட்டில் (மெஷினில் ஒரு புரோகிராம் இணைப்புக்குக் காத்திருக்கும் எண்) பேச வேண்டும். எடை பதிவாகாவிட்டால் கேட் பாஸ் அச்சாகாது, டிரெய்லர்கள் ரோட்டில் வரிசை கட்டிவிடும். இணைப்பு கிடைக்கவில்லை. சர்வரின் லினக்ஸ் லாகின் கையில் இல்லை. இருப்பது ஒரு டேட்டாபேஸ் யூசர் மட்டும்.

லேப்டாப்பிலிருந்து டெல்நெட் அடித்துப் பார்த்து ‘போர்ட் திறந்திருக்கிறது’ என்று சொல்வதில் பயனில்லை. ஃபயர்வாலில் அனுமதி டேட்டாபேஸ் சர்வரின் ஐபிக்குத்தான். லேப்டாப் போகும் பாதை வேறு. பிங்குக்குப் பதில் வந்தாலும் போதாது. அது ஐசிஎம்பி என்ற வேறு நெறிமுறை, போர்ட்டைத் தொடுவதே இல்லை. குவெரி எந்த மெஷினில் ஓடுகிறதோ அங்கிருந்துதான் சோதிக்க வேண்டும்.

ஆரக்கிளில் அதற்கு, வெளி மெஷினோடு இணைப்பு திறக்கும் யுடிஎல்_டிசிபி பேக்கேஜ் இருக்கிறது. முதல் முயற்சியில் பெரும்பாலும் ஓஆர்ஏ-24247 என்ற பிழை வரும். இதைப் பார்த்ததும் நெட்வொர்க் டீமுக்கு மெயில் போட்டுவிடாதீர்கள். பாக்கெட் இன்னும் சர்வரை விட்டே கிளம்பவில்லை. 11ஜி பதிப்பிலிருந்து வெளியே பேச ஏசிஎல் (எந்த யூசர் எந்த முகவரியோடு பேசலாம் என்ற பட்டியல்) அனுமதி தேவை. 12சி முதல் டிபிஎம்எஸ்_நெட்வொர்க்_ஏசிஎல்_அட்மின் பேக்கேஜின் அப்பெண்ட்_ஹோஸ்ட்_ஏஸ் போதும். ‘கனெக்ட்’ உரிமையை 5100 முதல் 5100 வரை என்று கொடுங்கள். பெயரை ஐபியாக மாற்றும் ‘ரிசால்வ்’ உரிமைக்குப் போர்ட் எண் கொடுக்கக் கூடாது, அதனால் அதைத் தனியாகக் கொடுங்கள். குவெரியில் ஐபியால் கூப்பிடப் போகிறீர்கள் என்றால் அனுமதியையும் ஐபிக்கே எழுதுங்கள். உரிமை போக வேண்டியது சோதனைக்காக எழுதப் போகும் ஃபங்ஷனின் சொந்தக்கார யூசருக்கு, நேரடியாக. ரோல் (உரிமைத் தொகுப்பு) வழியாகக் கொடுத்தால் ஃபங்ஷனுக்குள் அது செல்லாது.

ஃபங்ஷன் சின்னதுதான். ஹோஸ்ட், போர்ட் இரண்டையும் வாங்கி, டிபிஎம்எஸ்_யுடிலிட்டியின் கெட்_டைமைக் குறித்துக்கொண்டு, ஓப்பன்_கனெக்ஷனைக் கூப்பிட்டு, உடனே மூடி, எடுத்த நேரத்தைத் திருப்பித் தரும். கெட்_டைம் தருவது நொடியில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. பிழை வந்தால் ஆரக்கிளின் பிழைச் செய்தியான எஸ்கியூஎல்இஆர்ஆர்எம் வாசகத்தைத் தரட்டும். திறந்ததை மூடாமல் விட்டால் சில சுற்றுகளில் ஓஆர்ஏ-30678 வந்து, அந்த செஷனில் மேற்கொண்டு திறக்க முடியாமல் போகும்.

விடையைப் படிப்பதுதான் உண்மையான வேலை. ஓஆர்ஏ-29260 என்பது நெட்வொர்க் பிழை என்று மட்டும் சொல்லும் வெளி உறை. அதன் பின்னால் வரும் வாசகத்தையும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ‘நோ லிஸனர்’ (அந்தப் போர்ட்டில் காத்திருப்பவர் இல்லை) என்று கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தால், அநேகமாக எதிர்முனை வரை போய்ச் சேர்ந்து மறுப்பு வாங்கியிருக்கிறோம். எடைமேடை சாஃப்ட்வேர் ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது. நடுவில் ஒரு ஃபயர்வால் ‘ரிஜெக்ட்’ செய்தாலும் இப்படியே தெரியும். ஆனால் குவெரி இரண்டு நிமிடத்துக்கு மேல் தொங்கி, பிறகு ‘டைம்டு அவுட்’ என்றால் பாக்கெட்டை யாரோ சத்தமில்லாமல் கீழே போடுகிறார்கள், அல்லது மெஷினே அணைந்திருக்கிறது. லினக்ஸில், பதில் வராவிட்டால் எத்தனை தடவை திரும்ப முயல்வது என்ற டிசிபி_சின்_ரீட்ரைஸ் அமைப்பு இயல்பாக 6. 1, 2, 4, 8, 16, 32, 64 என்று காத்திருப்பு இரட்டித்துக்கொண்டே போக, மொத்தம் 127 நொடி. ஓப்பன்_கனெக்ஷனின் டிஎக்ஸ்_டைம்அவுட் இதைக் குறைக்காது. அது படிக்க, எழுதக் காத்திருக்கும் நேரத்துக்கு மட்டும். எனவே பத்து முகவரிகளை ஒரே குவெரியில் கொடுத்து பத்தும் அணைந்திருந்தால் 21 நிமிடம் போய்விடும். பெரிய டேபிளை வடிகட்டும் ‘வேர்’ (WHERE) நிபந்தனையில் இந்த ஃபங்ஷனை வைக்கவே வைக்காதீர்கள், வரிக்கு வரி ஓடக்கூடும்.

ஒரு தடவை வேலை செய்கிறது, அடுத்த தடவை தொங்குகிறது என்றால் ஆர்ஏசி ஏற்பாட்டை, அதாவது ஒரே டேட்டாபேஸைப் பல சர்வர்கள் (நோடுகள்) சேர்ந்து நடத்துவதைச் சந்தேகப்படுங்கள். இரண்டு நோடுகளில் ஒன்றின் ஐபிக்கு மட்டும் ஃபயர்வால் திறந்திருப்பார்கள். சிஸ்_கான்டெக்ஸ்டில் யூசர்என்வி, சர்வர்_ஹோஸ்ட் இரண்டையும் கொடுத்து, அது தரும் சர்வர் பெயரையும் சோதனை விடையோடு ஒரே வரியில் செலக்ட் செய்தால் எந்த நோடு என்பது பிடிபடும். நெட்வொர்க் டீமுக்கு மெயில் எழுதும்போது இரு நோடுகளின் ஐபி, சேருமிட ஐபி, போர்ட், எத்தனை மணிக்குச் சோதித்தீர்கள் என்பது எல்லாம் இருக்கட்டும். அவர்கள் லாகில் தேடுவது அதைத்தான்.

எதிர்முனையும் ஆரக்கிள் என்றால் டேட்டாபேஸ் லிங்க் (ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றைக் கூப்பிடும் இணைப்பு) வழியாக, டூயல் என்ற ஒற்றை வரி டேபிளை செலக்ட் செய்வதே சோதனை. ஓஆர்ஏ-12154 என்றால் பெயரே புரியவில்லை; பார்க்க வேண்டியது சர்வரில் பெயர்களுக்கு முகவரி எழுதி வைத்திருக்கும் டிஎன்எஸ்நேம்ஸ் ஃபைலை, உங்கள் கம்ப்யூட்டரில் உள்ளதை அல்ல. 12541 என்றால் அந்தப் போர்ட்டில் லிஸனர் இல்லை. 12514 என்றால் லிஸனர் கிடைத்தது, ஆனால் அந்த சர்வீஸ் பெயர் அதற்குத் தெரியவில்லை. ஓஆர்ஏ-01017, அதாவது யூசர் பெயரோ பாஸ்வேர்டோ தப்பு என்று வந்தால் நெட்வொர்க் முழுக்கச் சரி. ஃபயர்வால் ஆட்களை விட்டுவிடலாம்.

ஹெச்டிடிபிஎஸ் முகவரிக்கு 443 போர்ட் திறந்திருந்தும் ஓஆர்ஏ-29024 வந்தால் அது பெரும்பாலும் வாலட்டில் (ஆரக்கிள் நம்பும் சான்றிதழ்களை வைத்திருக்கும் இடம்) சான்றிதழ் இல்லாத குறை.

சோதனைக்காக அவசரத்தில் நட்சத்திரக் குறி போட்டு எல்லா ஹோஸ்ட்டுக்கும் அனுமதி கொடுத்திருந்தால், அன்று மாலையே ரிமூவ்_ஹோஸ்ட்_ஏஸ் கொண்டு நீக்கிவிட்டு, எடைமேடையின் ஐபிக்கும் 5100-க்கும் மட்டும் விட்டு வையுங்கள்.