சத்திரசிகிச்சைக்கு முந்திய குழாய்

போன கிழமை எங்கள் ஆய்வுக்காக எடுத்த ஒரு குழாய்க் குருதியைக் கழிவுக்குள் போட்டேன். பச்சை மூடி, குருதி உறையாமலிருக்க ஹெப்பரின் போட்டது. லேபலில் எடுத்த நேரம் காலை 8.10. என் கைக்கு வரும்போது 12 மணி தாண்டிவிட்டது. இடையில் எங்கேயோ ஒரு மேசையில் கிடந்திருக்கிறது. எடுத்ததிலிருந்து வேலையைத் தொடங்க எங்கள் வரம்பு ஒரு மணித்தியாலம். ஆளை அதற்குள் தியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சத்திரசிகிச்சைக்கு முந்திய குருதியை இனி யாராலும் எடுக்க ஏலாது. குழாயில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும்தான். ஆனாலும் யாரோ ஒருவர் பயத்தோடு படுத்திருந்தபோதும் எங்களுக்காக இன்னொரு ஊசிக்குக் கை நீட்டியிருக்கிறார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏன் இவ்வளவு அவசரம்? வெண்குருதிக் கலங்களை எண்ணுவதென்றால் கொஞ்சம் பொறுக்கலாம். நாங்கள் பார்ப்பது கலத்துக்குள் செய்தி கடத்தும் புரதங்களில் பொஸ்பேற் ஏறியிருக்கிறதா என்பதை. தூண்டல் பட்டால் அது நிமிடக் கணக்கில் ஏறும், பிறகு இறங்கிவிடும். அதனால்தான் குருதியைப் பங்கிட்டு, ஒன்றைச் சும்மா விட்டு, மற்றதற்குத் தூண்டலாக பக்டீரியாச் சுவரிலிருந்து எடுக்கும் எல்பிஎஸ் என்ற பொருளைச் சேர்த்து, 37 பாகையில் சரியாக 15 நிமிடம் வைக்கிறோம். மணி அடித்ததும் நிலைப்படுத்தும் திரவம். கலம் இருந்த நிலையிலேயே நின்றுவிடும். பிறகு -80 பாகைப் பெட்டிக்குள் போனால், மிச்ச வேலையை ஆறுதலாகச் செய்யலாம்.

மிச்ச வேலைக்கான இயந்திரம், மாஸ் சைற்றோமீற்றர், பிறந்தது நான் வாழும் இதே ரொறன்ரோவில்தான். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ஸ்கொட் டனரின் குழு 2009இல் அதைப் பற்றி எழுதியது. வழக்கமான ஒளிரும் சாயங்களுக்குப் பதிலாக, புரதங்களில் போய் ஒட்டும் ஒவ்வொரு பிறபொருளெதிரியிலும் நியோடிமியம், சமாரியம் போன்ற ஓர் உலோகம். கலம் ஒவ்வொன்றாக ஆர்கன் பிளாஸ்மாவுக்குள் போய், பல ஆயிரம் பாகை வெப்பத்தில் ஆவியாகும். எஞ்சும் உலோக அயன்களை நிறைப்படி பிரித்து எண்ணுவோம். சாயங்களின் நிறம் ஒன்றன்மேல் ஒன்று படியும், நிறை அப்படிப் படிவது மிகக் குறைவு. ஒரே கலத்தில் நாற்பது வரையான புரதங்களை ஒன்றாகப் பார்க்கலாம். (சவர்க்காரம் பட்ட கண்ணாடிப் போத்தலை மட்டும் கிட்ட விடக்கூடாது. அதிலிருந்து பேரியம் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.)

2014இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இடுப்பு மூட்டு மாற்றிய 32 பேரின் குருதியை, சத்திரசிகிச்சைக்கு முன்னும், 1, 24, 72 மணித்தியாலங்களின் பின்னும், சில கிழமைகள் கழித்தும் இப்படிப் பார்த்தார்கள். மொனோசைற்றுகள் என்ற ஒருவகை வெண்குருதிக் கலங்களில், ஸ்டாட்-3 முதலிய செய்தி கடத்தும் புரதங்களின் சமிக்ஞை மாற்றம், யார் கெதியாகத் தேறினார்கள் என்பதோடு ஒத்துப்போனது. அந்த ஒப்பீட்டுக்கு அடித்தளம் முதற்குழாய்தான். அது போனால் பின்னால் வரும் குழாய்களை எதோடு வைத்துப் பார்ப்பது?

இப்போது அனுப்புபவரை நம்பி நான் இருப்பதில்லை. காலை 7 மணிக்கே போய் வாசலில் நிற்கிறேன். நேற்று எடுத்தது 7.52. கோட்டுப் பைக்குள் வைத்து, மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் படியால் இறங்கி வந்தேன். சூட்டுத் தட்டில் வைத்தபோது மணி 8.09.