குளத்து நீர்மட்டக் கருவி: பட்டறை நாட்குறிப்பு

மே 6, நாகர்கோவில்

கன்னிப்பூ (முதல் போக நெல்) சாகுபடிக்கு அணை திறக்கும் முன்பே, குளத்து நீர்மட்டத்தை அளந்து வானொலி அலையில் அனுப்பும் கருவிகள் குளக்கரையில் நின்றாக வேண்டும். இன்று பேட்டரிக் கணக்கு. கருவியை இயக்கும் இஎஸ்பி32 சிப் ஆழ்துயிலில் 10 மைக்ரோஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் மலிவான போர்டுகளில் இருக்கும் ஏஎம்எஸ்1117 என்ற மின்னழுத்த ரெகுலேட்டர் சும்மா இருக்கும்போதே 5 மில்லிஆம்பியர் குடிக்கும். நாளொன்றுக்கு 120 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி). 2600 எம்ஏஎச் உள்ள 18650 செல் மூன்றே வாரத்தில் காலி. பழியோ செல் விற்றவர் தலையில்.

அந்த ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு எம்சிபி1700 போட்டால் 1.6 மைக்ரோஆம்பியரோடு முடிந்தது. அது 250 மில்லிஆம்பியருக்கு மேல் தராது, வைஃபை ஓடினால் போர்டு ரீசெட் ஆகும். குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் செய்தி அனுப்பும் லோரா வானொலி இருக்கையில் வைஃபை எதற்கு? பவர் எல்இடியையும் பிடுங்கிவிட வேண்டும். கால் மணிக்கு ஓர் அளவு அனுப்பினாலும் நாளொன்றுக்குச் சுமார் 5 எம்ஏஎச்தான், சோலார் தகடு இல்லாமலே ஓராண்டு தாண்டும்.

மே 9

இந்தியாவில் உரிமம் கேட்காத லோரா அலைவரிசை 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அடிப்படைச் சேனல்கள் மூன்று: 865.0625, 865.4025, 865.985. இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்கள் பெரும்பாலும் ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ எழுதியவை. முதலில் அவற்றிலுள்ள அலைவரிசையை மாற்ற வேண்டும். ஆன்டெனாவிலும் கோளாறு வரும். 433 மெகாஹெர்ட்ஸுக்கான கால் அலைக் கம்பி 17 செ.மீ., நமக்கு வேண்டியது 8.6. கறுப்பு உறைக்குள் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆன்டெனா மாட்டாமல் ஒருபோதும் பவர் கொடுக்கக் கூடாது, அனுப்பும் பகுதி கருகிவிடலாம்.

மே 14, தக்கலைப் பக்கம்

3 கி.மீ. தூரத்துக்கு நேர்கோட்டுப் பார்வை மட்டும் போதாது. நடுவழியில் அந்தக் கோட்டைச் சுற்றி 16 மீட்டர் ஆரத்துக்கு அலை பரவும். அதில் அறுபது சதவீதமாவது, அதாவது 10 மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும். நம் ஊரில் அந்த உயரத்தில் நிற்பது தென்னங்கொண்டை. மொட்டை மாடியில் ஆளுயரக் குழாய் நட்டுவிட்டு சிக்னல் இல்லை என்று சொல்வதில் பயனில்லை. மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிதான் கேட்வேக்கு, அதாவது கருவிகளின் சிக்னலை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் பெட்டிக்கு, சரியான இடம். கோடையில் சோதித்து மழையில் ஏமாறாதிருக்க, சிக்னல் வலுவில் 10 டெசிபலாவது மிச்சம் வைக்க வேண்டும். நனைந்த இலை அலையைத் தின்னும்.

மே 15

கடலோரமான குளச்சல், முட்டம் பக்கம் 304 வகை எவர்சில்வர் போல்ட்டும் துரு காட்டும். 316 வகைதான் வேண்டும்.

மே 22

அல்ட்ராசோனிக் சென்சார் ஒலி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறது. நிரலில் ஒலிவேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று இருக்கும். அது 20 டிகிரிக்கு. இங்கே பகலில் 30 டிகிரி, வேகம் 349. சென்சாரிலிருந்து 3 மீட்டர் கீழே தண்ணீர் என்றால் 5 செ.மீ.க்கு மேல் பிழை. மதியம் குளம் ஏறியதுபோலவும் ராத்திரி வற்றியதுபோலவும் வரைபடம் நெளியும். டிஎஸ்18பி20 வெப்பநிலைச் சென்சார் ஒன்றை நிழலில் வைத்து, 4.7 கிலோஓம் ரெசிஸ்டரோடு இணைத்தால் தீரும். இந்த வகைச் சென்சாருக்கு முதல் 25 செ.மீ. குருட்டு இடம். ஆகவே குளம் நிரம்பி வழியும் மறுகால் மட்டத்துக்கு மேல் அரை மீட்டர் தள்ளியே மாட்ட வேண்டும்.

தாமரைக் குளத்தில் இது எடுபடாது. இலையைத்தான் தண்ணீர் என்று சொல்லும். பிவிசி குழாய்க்குள் இறக்கினால் குழாய் மூட்டிலிருந்து பொய் எதிரொலி வரும். அங்கே நீருக்குள் முங்கி, ஆழத்தை 4–20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாகச் சொல்லும் அழுத்தச் சென்சார்தான். 0–5 மீட்டர் வகையில் ஒரு மீட்டருக்கு 3.2 மில்லிஆம்பியர் கூடும். 150 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் மீட்டருக்கு 0.48 வோல்ட். வோல்ட்டை எண்ணாக்கும் இஎஸ்பி32-இன் ஏடிசி மேல்முனையில் வளைந்து பிழை காட்டும், அந்த வேலைக்கு ஏடிஎஸ்1115 சிப்பைத் தனியாக வைப்பது நல்லது. கேபிளுக்குள் ஓடும் காற்றுக்குழாயை யாரும் அடைக்கக் கூடாது. அடைத்தால் வளிமண்டல அழுத்தம் மாறும்போதெல்லாம் குளமும் மாறும்.

மே 27

பெட்டிக்குள் தண்ணீர் மூடி வழியாக வருவது குறைவு. உச்சி வெயிலில் சூடான பெட்டி மீது திடீர் மழை விழுந்தால் உள்காற்று சுருங்கி, கேபிள் நுழைவிடம் வழியாக ஈரத்தை இழுக்கும். கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் அடிப்பக்கம் பார்க்க வேண்டும், கேபிள் ஒரு தொங்கல் விட்டு ஏற வேண்டும், காற்றையும் ஆவியையும் விட்டு நீரைத் தடுக்கும் வென்ட் பிளக் ஒன்று வேண்டும். சென்சார் வாயில் குளவி மண் வைக்கும். அதை மாதம் ஒருமுறை ஆள் போய்த்தான் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை.

ஜூன் 2

லோரா நுட்பத்தை உருவாக்கியது பிரான்சின் கிரெனோபிளில் இருந்த சைக்ளியோ என்ற சின்ன நிறுவனம். அதன் சரக்கு பெட்டியல்ல, வானொலி நுட்பத்தின் அறிவுசார் உரிமை. 2012-இல் அமெரிக்கச் சிப் நிறுவனமான செம்டெக் அந்த நிறுவனத்தை வாங்கியது. குளக்கரையில் தொழில் செய்பவருக்கு அந்த வழி கிடையாது. பெட்டியை ஒரு தடவை விற்றால், குளவிக்கும் செல்லுக்கும் போய்வரும் பெட்ரோலிலேயே லாபம் கரைந்துவிடும். வருடச் சந்தாதான் கட்டுப்படியாகும், அதுவும் பராமரிப்பைச் சேர்த்து எழுதினால். பாசன சங்கத்தார் கேட்பது செ.மீ. கணக்கை அல்ல: தண்ணீர் எத்தனை அடி, மறுகால் பாயுமா, மடையை இப்போது அடைக்கலாமா. போனில் அந்த மூன்றும் தமிழில் வந்தால் போதும்.

வானொலிக் கருவியை விற்க மத்திய அரசின் வானொலி அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசி-யின் ஈடிஏ என்ற கருவி வகை ஒப்புதல் வேண்டும், அங்கீகரித்த ஆய்வகத்தின் சோதனை அறிக்கையோடு. ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற மாட்யூலை வாங்கினால் பாதி வேலை மிச்சம். வாங்கும்போதே அந்தச் சான்றிதழ் நகலைக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும்.