இதில் நானோ எங்கே?

நேற்று ரிசல்ட் வந்தது. சாலைப் பொருட்கள் விருப்பப் பாடத்தில் 68. போன முறை 37, அரியர். அறுபத்தெட்டைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லைதான். ஆனால் இரண்டு தேர்வுக்கும் நடுவில் நான் புதிதாகப் படித்தது ரொம்பக் கொஞ்சம். படித்ததையே வேறு மாதிரி எழுதினேன், அவ்வளவுதான். அதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும்.

தோற்றபோது விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன். பெரிய வினா இது: நானோ தொழில்நுட்பத்தால் மேம்பட்ட ஸ்மார்ட் சாலைப் பொருட்கள். நான்கு பக்கம் எழுதியிருந்தேன். அதில் இரண்டு பக்கம் நெதர்லாந்தின் ஏ58 நெடுஞ்சாலை. 2010இல் அங்கே எஃகு நார் கலந்த ஆஸ்பால்ட் (ஜல்லியும் பிட்டுமனும் சேர்ந்த சாலைக் கலவை) போட்டார்கள். மின்தூண்டலால் நாரைச் சூடேற்றினால் ஜல்லியைப் பிணைக்கும் கறுப்புப் பசையான பிட்டுமன் இளகி நுண்வெடிப்புகள் மூடிக்கொள்ளும். படம்கூடப் போட்டிருந்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் மூன்றே சொல்: "இதில் நானோ எங்கே?" மதிப்பெண் 3.

இரண்டு நாள் கோபம் அடங்கவில்லை. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த நாரின் தடிமன் மைக்ரோமீட்டரில், நீளம் மில்லிமீட்டரில். நானோ என்பது 1 முதல் 100 நானோமீட்டர் வரை. திருத்தியவர் சொன்னது சரி. ஸ்மார்ட் (தூண்டினால் பதில் தருவது) வேறு, நானோ (அளவு) வேறு. இரண்டும் கொஞ்ச இடத்தில்தான் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. பழைய பிட்டுமனுக்குப் புத்துயிரூட்டும் எண்ணெயை அடைத்த கேப்சூல்களை எல்லோரும் நானோ என்று எழுதுகிறோம். நாம் படிக்கும் கேப்சூல்களில் பெரும்பாலானவை மைக்ரோ அளவுதான்.

அதனால் இந்த முறை ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். எந்தப் பொருளை எழுதினாலும் முதல் வரி அதன் அளவு. வெறும் எண் போதாது, எந்தத் திசையில் நானோ என்றும் எழுத வேண்டும். பிட்டுமனில் கலக்கும் நானோ களிமண் தகட்டின் தடிமன் சுமார் 1 நானோமீட்டர். அகலம் அதைப்போல நூறு மடங்குக்கு மேல். கார்பன் நானோகுழாயின் விட்டம் நானோ, நீளமோ மைக்ரோமீட்டர் வரை போகும். ஒரு திசையில் நானோவாக இருந்தாலே போதும். இந்த ஒரு வரியை எழுதியதும் அடுத்த வரி தானாக வந்துவிடும், ஏனென்றால் அந்த அளவால் என்ன மாறுகிறது என்பதுதான் விடையே.

கான்கிரீட்டில் கலக்கும் நானோ சிலிக்காவில் இதை நான் மனப்பாடம் செய்யவில்லை, கணக்காகப் போட்டேன். (மனப்பாடம் எனக்கு வராது. வருகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) கோளத் துகளின் புறப்பரப்பு, கிலோவுக்கு, ஆறை அடர்த்தியாலும் விட்டத்தாலும் வகுத்தால் வரும். அடர்த்தி கன மீட்டருக்கு 2200 கிலோ, விட்டம் 20 நானோமீட்டர் என்று போடுங்கள். ஒரு கிராமுக்குச் சுமார் 136 சதுர மீட்டர். சாதாரண சிமென்டில் ஒரு கிராமுக்கு 0.3, 0.4 சதுர மீட்டர் என்ற அளவில்தான் நிற்கும். ஒன்று சின்ன மேசையின் பரப்பு, இன்னொன்று ஒரு முழு வீட்டின் தரை. இவ்வளவு பரப்பு இருப்பதால்தான் கால்சியம் ஹைட்ராக்சைடுடன் வேகமாக வினைபுரிந்து, கான்கிரீட்டுக்கு வலு தரும் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் ஜெல்லைக் கூட்டுகிறது, அந்த ஜெல் வளர விதையாகவும் இருக்கிறது. தண்ணீரை அதிகம் இழுத்துக் கலவையின் இளக்கத்தைக் கெடுப்பதும் இதே பரப்புதான். அதற்குத்தான் தண்ணீரைக் கூட்டாமல் கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர். நன்மையும் தொல்லையும் ஒரே எண்ணிலிருந்து வருகின்றன என்று காட்டினால் பக்கம் நிரப்பத் தேவையே இருக்காது.

தொல்லைகளில் பெரியது கட்டி தட்டுவது. துகள்கள் வான்டர்வால்ஸ் விசையால் (மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பு) ஒட்டிக்கொண்டால் நீங்கள் வாங்கிப் போட்டது நானோ, சாலையில் இருப்பது மைக்ரோ. சிவப்பு மைக் கேள்வி திரும்ப வந்துவிடும்! நானோகுழாய்க்கு மீயொலியும் துகள்களைப் பிரித்து வைக்கும் வேதிப்பொருளும், பிட்டுமனுக்கு அதிவேக வெட்டுக் கலப்பி என்று ஒவ்வொன்றுக்கும் பரப்பும் முறையை எழுதுங்கள். களிமண்ணில் தகடுகள் பிரிந்ததா என்பதை எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு காட்டும்: அதன் வரைபடத்தில் உச்சம் குறைந்த கோணத்துக்கு நகர்ந்தால் தகடுகளுக்கு இடையே பிட்டுமன் புகுந்திருக்கிறது; உச்சமே மறைந்தால் தகடுகள் பெரும்பாலும் பிரிந்துவிட்டன. இது இரண்டு தேர்வுகளிலும் சின்ன வினாவாக வந்தது.

மற்றவை, வரிசை இல்லாமல்:

- தார் என்று எழுதாதீர்கள். தார் நிலக்கரியிலிருந்து, பிட்டுமன் கச்சா எண்ணெயிலிருந்து. பேச்சில் எப்படியோ போகட்டும்.
- டி.எஸ்.ஆர். (பிட்டுமனை முறுக்கி அளக்கும் கருவி) எண்கள்: தடப் பள்ளத்தைத் தாங்கும் திறனைக் காட்டும் ஜி ஸ்டார் பை சைன் டெல்டா, புதிய பிட்டுமனுக்குக் குறைந்தது 1.0 கிலோபாஸ்கல், ஆர்.டி.எஃப்.ஓ.வுக்குப் (அடுப்பில் சூடேற்றி முதுமையாக்கும் சோதனை) பின் 2.2.
- களிமண் விறைப்பைக் கூட்டி சக்கரத் தடப் பள்ளத்தைக் குறைக்கும். அதோடு நிறுத்தாதீர்கள். குளிரில் அதே விறைப்பு வெடிப்பில் கொண்டுபோய் விடலாம். பி.பி.ஆர். (குளிரில் பிட்டுமன் சட்டத்தை வளைத்து அளக்கும் சோதனை) வரம்பு: விறைப்பு அதிகபட்சம் 300 மெகாபாஸ்கல், இறுக்கம் தளரும் வேகத்தைக் காட்டும் எம் மதிப்பு குறைந்தது 0.300.
- சேமிப்பு நிலைத்தன்மை: 163 டிகிரியில் 48 மணி நேரம் பிட்டுமன் நிரப்பிய குழாயை நிறுத்தி, மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் இளகும் வெப்பநிலை வித்தியாசம் பார்ப்பது. நான் முதல் முறை இதைத் தொடவே இல்லை.
- தன்னுணர் கான்கிரீட்: சுமை ஏறினால் நானோகுழாய் வலையின் மின்தடை மாறும். ஈரமும் வெப்பமும் அதே தடையை மாற்றும், அதையும் எழுதுங்கள்.
- வரலாற்றுக்கு இரண்டு வரி போதும். நானோவுக்கு வித்திட்ட இயற்பியலாளர் ஃபைன்மன் உரை 1959, ஜப்பானியர் தனிகுச்சி நானோ தொழில்நுட்பம் என்ற சொல்லைப் பயன்படுத்தியது 1974.
- கூட்டுப் படிப்பு எனக்கு ஒத்துவரவில்லை. எல்லோரும் ஒரே ஏ58ஐ எழுதினோம்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வு) டைட்டானியம் டை ஆக்சைடு கட்டாயம் வரும். தேர்வாளர் என்னைக் கேட்ட முதல் கேள்வி: "இதைப் பூசிய சாலை ராத்திரியில் என்ன செய்யும்?" சும்மா கிடக்கும் சார் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சிரித்துவிட்டு, ஏன் என்றார். அதன் அனடேஸ் என்ற படிக வடிவத்தின் ஆற்றல் இடைவெளி (அதைத் தூண்ட ஒளிக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்) 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதை அலைநீளமாக்க 1240ஐ அதால் வகுத்தால் 387 நானோமீட்டர். அதாவது புற ஊதாக் கதிர் வேண்டும். அது பட்டால்தான் வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடு நைட்ரேட்டாக மாறும், மழை கழுவிப்போகும். கான்கிரீட்டின் அடி ஆழம் வரை கலந்தால் வெளிச்சம் படாத துகளெல்லாம் வீண், மேலடுக்கு மட்டும் போதும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"சரி, சுரங்கப்பாதை?" என்றார். புற ஊதா விளக்கு மாட்ட வேண்டும் என்றேன். மின்சாரச் செலவையும், புகைக்கரி படிந்தால் அடிக்கடி கழுவ வேண்டியிருக்கும் என்பதையும் கேட்காமலே சொன்னேன். "போதும், போங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.