விழுப்புரம் பாதைக்கும் இரண்டாவது தடம் வேண்டும்

காட்பாடி – பாகாலா – திருப்பதி பாதையை இரட்டைப் பாதையாக்க 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 104 கிலோமீட்டர், 1,332 கோடி ரூபாய். ரொம்ப சந்தோஷம். அதே காட்பாடியிலிருந்து தெற்கே போகும் விழுப்புரம் பாதைக்கும் இது வரவேண்டும்.

வேலூர் கன்டோன்மென்ட், கண்ணமங்கலம், ஆரணி ரோடு, போளூர், திருவண்ணாமலை என்று எல்லாமே ஒற்றைத் தடம். எதிரே ரயில் வந்தால் ஏதாவது ஒரு ஸ்டேஷன் லூப்பில், அதாவது பக்கத் தடத்தில், ஒதுங்கி நின்றே ஆகவேண்டும். கண்ணமங்கலத்தில் ஒருமுறை அப்படி நின்றபோது, ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு பாட்டி எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் எவ்ளோ நேரம்ப்பா?" என்று கேட்டார். எதிர் ரயில் தடதடவென்று கடந்து போகும்வரை யாரிடமும் பதில் இல்லை.

அகலப்பாதை வந்தது, மின்சாரம் வந்தது. 2024 மே மாதம் சென்னை பீச் – வேலூர் ரயில் திருவண்ணாமலை வரை நீண்டது. அது மெமு என்கிற மின்சாரத் தொடர் ரயில், சட்டென்று வேகம் பிடிக்கும் வண்டிதான். ஆனால் ஒற்றைத் தடத்தில் ரயில்களைக் கூட்டக் கூட்ட, ஒதுங்கி நிற்கும் நேரமும் கூடும். வேகம், எண்ணிக்கை இரண்டும் வேண்டுமென்றால் இன்னொரு தடம் போட்டே ஆகவேண்டும். பௌர்ணமிக்கு ஸ்பெஷல் விட்டால் மட்டும் போதாது, திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து ஓடி வந்தது நம்ம வாலாஜா ரோடுக்குத்தான். அப்புறம் நாம் கேட்காமல் யார் கேட்பது? போளூர், ஆரணி, கண்ணமங்கலம் நண்பர்களே, உங்கள் எம்.பி.க்கு ஒரு மனு எழுதுங்கள்.