டைட்டர் இறங்கவில்லை

"மேடம், ரெண்டு வாரம் ஆம்போடெரிசின் போயாச்சு. கிரிப்டோகாக்கஸ் டைட்டர் அப்படியேதான் இருக்கு. மருந்து கேக்கலையா?"

"கல்ச்சர்ல ஒண்ணும் வளரலை டாக்டர். செத்த பூஞ்சையோட சர்க்கரைதான் அது. விடுங்க."

லேபிலிருந்து வார்டு டாக்டருக்கு ஃபோனில் நான் சொன்ன பதிலில் பிழை இல்லை. கிரிப்டோகாக்கஸ் மூளைச்சவ்வைத் தாக்கும் பூஞ்சை. அதன் உறையில் பெரும்பங்கு குளுக்குரோனோசைலோமன்னன்: மன்னோஸ் சங்கிலி, அதில் தொங்கும் சைலோஸ், குளுக்குரானிக் அமிலம். பூஞ்சை செத்த பிறகும் உடம்பு இதைச் சுலபத்தில் உடைப்பதில்லை, மாதக்கணக்கில் சுற்றும். மாதிரியை எவ்வளவு நீர்த்தும் சோதனை ஸ்ட்ரிப்பில் இந்தச் சர்க்கரைக்கான கோடு விழுகிறது என்பதுதான் டைட்டர். உயிருள்ள பூஞ்சையின் சர்க்கரையா செத்ததன் சர்க்கரையா என்று ஸ்ட்ரிப்புக்குத் தெரியாது. சிகிச்சையை எடைபோட டைட்டர் உதவாது என்பது இதனால்தான்.

தவிர, "அப்படியேதான்" என்பதே சந்தேகம். 1:5-இல் தொடங்கி, நீர்ப்பை இரட்டித்துக்கொண்டே போனால் பத்தாவது குழாய் 1:2560. இரண்டு முறையும் அதிலும் கோடு விழுந்தது. ரிப்போர்ட்டில் "1:2560 அல்லது அதற்கு மேல்" என்றுதான் போனது. முதலில் இருபதாயிரமாக இருந்து இப்போது மூவாயிரத்துக்கு வந்திருந்தாலும் இதே கோடுதான். குழாய்களைக் கூட்டி மேலும் நீர்த்துப் பார்த்திருக்கலாம். ஆனால் உதவாத எண்ணுக்கு எதற்கு ஸ்ட்ரிப் செலவு?

உறுத்துவது அந்த "விடுங்க". செத்ததன் சர்க்கரை சும்மா கிடப்பதில்லை. உயிரோடு இருக்கும்போது இந்த உறை, செல் சுவரின் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரையை, கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லின் கண்ணில் படாமல் மறைக்கிறது. உதிர்ந்து ரத்தத்தில் கலந்த சர்க்கரையோ, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களைத் திசுவுக்குள் இறங்கவிடாமல் தடுக்கிறது. முதுகுத்தண்டு நீர் வடியும் வழியை அடைத்து அழுத்தத்தை ஏற்றுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அழுத்தம் 25 சென்டிமீட்டர் நீர்மட்டத்துக்கு மேல் போனால் நீரை எடுத்து இறக்க வேண்டும், கல்ச்சர் சுத்தமாக இருந்தாலும். பிறகு, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அதற்கான மருந்தில் சிடி4 என்ற எதிர்ப்புச் செல்கள் ஏறும்போது, அதுவரை கண்டுகொள்ளாத எதிர்ப்புச் சக்தி இதே மிச்சத்தின் மேல் பாய்ந்து வீக்கத்தைக் கிளப்பலாம். அந்த மருந்தை, பூஞ்சை மருந்து தொடங்கியதிலிருந்து நாலு முதல் ஆறு வாரம் தள்ளித் தொடங்கச் சொல்வது அதற்காகத்தான்.

இவ்வளவையும் ஃபோனில் சொல்ல முடியுமா? கேட்டது மருந்து மாற்றத்தைப் பற்றி. அதற்குப் பதில் சொல்லியாயிற்று. அழுத்தம் பார்ப்பது வார்டு வேலை, அவர்களுக்குத் தெரியாததா?

இருந்தாலும், இப்போது யார் ரிபீட் டைட்டர் கேட்டாலும் "தண்டுநீர் பிரஷர் எவ்வளவு, தலைவலி இருக்கா" என்று முதலில் கேட்டுவிடுகிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை. லேப்காரர் எதற்குக் கேட்கிறார் என்ற எரிச்சல் குரலிலேயே தெரியும். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.